பன்னிரண்டாம் நிமிடத்தின் பெயர் பூஜ்யம்

0

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஒரு வக்கீல். இலக்கிய ஆர்வமெல்லாம் ஒன்றுமில்லை. ஆலையின் சார்பில் என்னோடு பேச வந்தவர் அவர். ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார். "இதுல இருக்கறதுக்கு மேல ஒரு வரிகூட நீங்க எங்கயும் எழுத வேண்டாம்மா," என்றார். மனசு உறுத்துகிறது என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"உறுத்துச்சுன்னா கதையா எழுதிக்கோங்க. கதையை யாரும் சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க. உங்களுக்கும் பாரம் எறங்கும், எங்களுக்கும் தொல்லை இல்ல."

அவர் சொன்னபடியே கதை எழுதுகிறேன். அதில் எண்களும் வரும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

நான் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள். ஒரு வினை எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. மேலே 0 என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த பகுதிக்கு 4, அதற்கு அடுத்ததற்கு 8, இப்படியே 32 வரை போகும். நடுவில் பக்கம் எதுவும் கிழிந்துவிடவில்லை. நான் எதையும் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறைதான் அளந்து பார்ப்பேன். கதையிலும் அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை.

தொடக்கம் மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் முதல் மூன்று பகுதிகளைத் தள்ளிவிட்டு நேராக 12-க்குப் போகலாம். அப்படிப் படித்தால் கதை சீராக ஓடும். என்மேல் உங்களுக்கு ஒரு மரியாதையும் மிஞ்சும். என் தம்பிதான் குற்றவாளி ஆகிவிடுவான். உங்கள் இஷ்டம்.

4

முதலில் எழுதிய தொடக்கம் இது:

அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள். ஆய்வகத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் —

இதை எழுதும்போது கை தடங்கலே இல்லாமல் ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. என் வேலையில் எண்கள் அவ்வளவு சுலபமாக வந்து விழுந்தால் சொட்டு அளக்கும் ப்யூரெட் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். இங்கே ஓட்டை என்னவென்றால், அப்படி ஒரு பெண் அந்த அறையில் இல்லவே இல்லை. நான் இருந்தேன். நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: கந்தக அணு தன்னிடம் சும்மா கிடக்கும் ஒரு ஜோடி எலக்ட்ரானை நீட்டும், பெராக்சைடின் ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொண்டு —

இது பாடப்புத்தகம். யாரும் இரண்டாம் வரிக்கு வரமாட்டீர்கள். ஆனால் விஷயம் தெரியாமல் கதையும் புரியாது, ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்துச் சரக்கு செய்யும் இடங்களிலிருந்து எங்கள் ஆலைக்கு லாரியில் கழிவு வரும். அதில் கந்தகம் ஒட்டிய கரிமப் பொருள்கள் இருக்கும். நாற்றம் என்றால் அழுகிய வெங்காயத்தைத் துணியில் கட்டி மூக்கருகே தொங்கவிட்டது மாதிரி. எவ்வளவு குளித்தாலும் தலைமுடியில் நிற்கும். பேருந்தில் என் பக்கத்து இருக்கை பதினோரு வருடமாகக் காலி. அந்த நாற்றத்தைப் போக்க வேண்டுமென்றால் கந்தகத்துக்கு ஆக்சிஜனை ஊட்ட வேண்டும். ஒன்று ஏறினால் நாற்றம் குறையும். இரண்டாவதும் ஏறினால் அடியோடு போய்விடும். ஊட்டுவதற்குப் பெராக்சைடு. ஊட்டும்போது சூடு கிளம்பும். நிதானமாக ஊட்டினால் தொட்டியைச் சுற்றி ஓடும் குளிர்நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அவசரப்பட்டால் தொட்டி பொங்கும். எவ்வளவு அவசரப்படலாம் என்று சொல்வதற்குத்தான் என் அறிக்கை.

மூன்றாவது தொடக்கத்தில் வில்லன் ஒருவரைக் கொண்டுவந்தேன். ஆய்வக மேலாளர். எங்களுக்குள் அவர் பெயர் நேர்கோடு. எந்த வரைபடத்தைக் காட்டினாலும் "கோடு நேரா வருதாம்மா?" என்றுதான் முதலில் கேட்பார். "நேர்கோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி விஷமமாகச் சிரித்து —" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.

அந்த மனிதருக்கு விஷமமாகச் சிரிக்கத் தெரியாது. மழை வந்தால் யாருக்காவது கொடுப்பதற்கென்று இரண்டாவது குடை ஒன்று அலமாரியில் வைத்திருப்பவர். எனக்கு வில்லன் தேவைப்பட்டார், அவர் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். அவரை விட்டுவிட்டேன். அதற்காக அவர் செய்ததை விட்டுவிடப் போவதில்லை.

8

குடுவையை நாற்பது டிகிரி வெந்நீரில் வைப்பேன். கழிவோடு பெராக்சைடு சேர்ந்த நொடியில் கடிகாரத்தை அழுத்துவேன். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து மில்லி உறிஞ்சி எடுத்து ஐஸில் கொட்டுவேன். ஐஸில் விழுந்தால் வினை நின்றுவிடும்; அந்த நிமிடம் அப்படியே உறைந்து கிடக்கும். அதில் அயோடைடு போட்டால், செலவாகாமல் மிச்சமிருக்கும் பெராக்சைடுக்கு ஏற்றபடி பழுப்பு நிறம் ஏறும். ப்யூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த நிறத்தை அழிப்பேன். அழிக்க எத்தனை மில்லி ஆனதோ அதுதான் கணக்கு. எண் குறையக் குறைய, பெராக்சைடு தீர்ந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம்.

என் நோட்டில் இருந்தது இது. வக்கீல் அவர்களே, எண்களும் வரும் என்று உங்களிடம் சொல்லாமல் விட்டேனே, இவைதான்.

0 நிமிடம்: 24.6
4 நிமிடம்: 24.5
8 நிமிடம்: 24.2
12 நிமிடம்: 23.5
16 நிமிடம்: 14.6
20 நிமிடம்: 9.1
24 நிமிடம்: 5.6
28 நிமிடம்: 3.5
32 நிமிடம்: 2.2

மடக்கை (லாக்) எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், 12 முதல் 32 வரையிலான ஆறு புள்ளிகளும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நிற்கும். முதல் மூன்று மட்டும் எந்தக் கோட்டிலும் உட்காராது.

எங்கள் ஆய்வகத்தில் முதல் மூன்று புள்ளிகளுக்குக் கொசுறு என்று பெயர். எண்ணுவோம், எழுதுவோம், கோடு போடும்போது தள்ளிவிடுவோம். கலவை சரியாகக் கலந்திருக்காது, சூடு நிலைக்கு வந்திருக்காது, அதனால் தொடக்க எண்களை நம்பக்கூடாது என்பது காரணம். முட்டாள்தனமான பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து முறை அது சரி.

"சார், இது மூணாவது தடவை," என்றேன். "மூணு தடவையும் முதல் பன்னெண்டு நிமிஷம் ஒண்ணுமே நடக்கல."

"கலக்கி சரியா சுத்தியிருக்காதும்மா."

"சுத்துச்சு சார். பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

"அப்ப சூடு ஏற நேரமாகியிருக்கும். கொசுறுதானே, எடுத்துடுங்க."

"எடுத்தா நேரம் இடிக்குமே சார். கோடு பன்னெண்டுல ஆரம்பிக்குது."

"பன்னெண்ட ஜீரோன்னு வெச்சுக்கோங்க. எல்லாரும் பண்றதுதானே."

யாரும் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, மணி ஐந்தாகப் பத்து நிமிடம். அறிக்கை ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது.

எனக்குத் தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. எனக்குத் தெரியும். அந்தக் கழிவில் வினிகரில் இருக்கும் அமிலம் நிறைய இருந்தது. பெராக்சைடு தானாகக் கந்தகத்தைத் தொடுவதற்குச் சோம்பல்படும். முதலில் அந்த அமிலத்துக்கு ஓர் ஆக்சிஜனைக் கொடுத்து அதைப் பெரமிலமாக்கும். பெரமிலம்தான் வேகமானது; கந்தகத்தின்மேல் பாய்வது அதுதான். அது வேலை செய்யும்போது கூடவே கொஞ்சம் கடும் அமிலம் பிறக்கும். அந்தக் கடும் அமிலம் மேலும் பெரமிலத்தைப் பிறப்பிக்கும்.* ஆகவே முதல் பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். பிறகு எல்லாம் ஒரேயடியாக நடக்கும். மூன்று முறையும் ஒரே எண்கள் வந்தபோதே இதை ஊகித்துவிட்டேன். ஊகித்துவிட்டு, அறிக்கை வரைவில் 12 என்பதை அடித்து 0 என்று எழுதினேன். 16 என்பதை அடித்து 4 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பேருந்தைப் பிடித்தேன்.

* பெராக்சைடானாலும் பெரமிலமானாலும் என் தயோசல்பேட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்; சேர்த்தே எண்ணும். உள்ளே ஆள் மாறிக்கொண்டிருந்தது வெளியே தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். இந்தக் குறிப்பு விசாரணைக் குழுவில் இருக்கும் ரசாயனம் படித்த அந்த ஒருவருக்காக. அவர் யாரென்று அவருக்கே தெரியும்.

12

முதல் மூன்று பகுதிகளைத் தள்ளிவிட்டு வந்தவர்களுக்கு வணக்கம். உங்களுக்கு இது ஒரு விபத்துக் கதை.

எங்கள் ஆலையில் தொட்டி ஓட்டுகிறவன் என் தம்பி. வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான். அதுவரை தொண்ணூறு நிமிடம் பெராக்சைடு விட்டுக்கொண்டிருந்தார்கள். அறிக்கை வந்தபின் இருபது நிமிடத்தில் விட்டால் போதும் என்று தொட்டியருகே புதிய சீட்டு ஒட்டப்பட்டது. என் கோட்டை நம்பினால், தொடங்கிய நொடியிலிருந்தே வினை ஓடும். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு வாளி பெராக்சைடில் முக்கால் வாளி தீர்ந்திருக்கும். என் நோட்டை நம்பினால், இருபதில் ஒரு பங்குகூடத் தீர்ந்திருக்காது. விடவிட, மொத்தமும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். தொட்டியருகே ஒட்டியிருந்தது கோடு. நோட்டு என் இழுப்பறையில் இருந்தது.

திங்கட்கிழமை முற்பகல். என் தம்பி சீட்டில் எழுதியபடி வால்வைத் திறந்தான். வெப்பமானியின் முள் நாற்பதிலேயே நின்றது. அவனுக்குக் கவலை வந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தான்.

"முள்ளு அசையவே மாட்டேங்குது. நிறுத்தட்டுமா?"

"போட்ட ஒடனே ஆரம்பிக்கும்னு ரிப்போர்ட்ல இருக்கு. மீட்டர் மாட்டிக்கிட்டிருக்கும், தட்டிப் பாரு. விட்டுக்கிட்டே இரு."

அவன் தட்டிப் பார்த்தான். விட்டுக்கொண்டே இருந்தான். எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். பன்னிரண்டாம் நிமிடம் தாண்டியதும் முள் விருட்டென்று ஏறி ஐம்பதைத் தொட்டது. பதினான்காம் நிமிடம் தொட்டியின் வாயிலிருந்து பொங்கியது. அவன் ஓடியிருக்கலாம். வால்வைத் திருகி மூடிவிட்டு அப்புறம்தான் ஓடினான். வலது கை முழங்கை வரை வெந்துபோனது. கழுத்தும் ஒரு காதும். வலது கண்ணில் இப்போதைக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

16

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நீளமான மேசை, தண்ணீர்க் குவளைகள், நடுவில் என் அறிக்கை. என் தம்பி நடந்ததைச் சொன்னான். பன்னிரண்டு நிமிடம் முள் அசையவில்லை என்று சொன்னான். நடுவில் இருந்தவர் அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"போட்ட ஒடனே வினை ஆரம்பிக்கும்னு இதுல இருக்கு. பன்னெண்டு நிமிஷம் சூடே ஏறலன்னா, பன்னெண்டு நிமிஷம் நீங்க வால்வையே திறக்கலன்னு அர்த்தம்."

"திறந்துதான் சார் இருந்துச்சு."

"எங்கயோ போயிட்டீங்க. வந்து பாத்துட்டு, விட்ட நேரத்தைப் பிடிக்க ஒரேயடியா திறந்துட்டீங்க. அதான் பொங்கிடுச்சு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கோடு சரியென்றால் அவர் சொன்னதுதான் நடந்திருக்க முடியும். படித்தவர், ஒழுங்காக யோசித்தார். நான் பொய்யை அடியில் வைத்தேன், அவர் அதன்மேல் நேர்மையாகக் கட்டிக்கொண்டு போனார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

அதற்குமேல் நான் —

(இந்த வாக்கியத்தை ஆறு முறை முடித்துப் பார்த்தேன். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. அதுதான் உண்மை, அது ஓர் அழகான வாக்கியமாக வரவில்லை.)

அடுத்த அமர்வு வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணி. அன்று முடிவை எழுதிவிடுவார்கள். கவனக்குறைவு என்று அவன் ஏட்டில் ஏறிவிட்டால் வேலை போகும். வேறு எந்த ஆலையும் அவனைத் தொட்டிப் பக்கம் விடாது. அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

20

எழுதியதைப் படித்துப் பார்த்தால் என் தம்பி ரொம்ப நல்லவனாகத் தெரிகிறான். அதையும் சரிசெய்ய வேண்டும்.

அவன் புளுகுவான். சின்ன வயதிலிருந்தே. பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளில் அங்கே நடந்ததை எனக்கு விலாவாரியாகச் சொல்வான். பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் வழியில் யானை படுத்திருந்தது என்பான். ஆலையில் இடைவேளைக்கு எல்லாரும் அவன் பக்கத்தில்தான் உட்காருவார்கள்; அவ்வளவு கதை. பத்துச் சொன்னால் ஏழு புளுகு, மீதி மூன்றுக்கு அவனே உத்தரவாதம் தரமாட்டான். விசாரணையில் பன்னிரண்டு நிமிடம் என்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்ததை நான் கேட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவன் கடிகாரத்தைப் பார்த்து, எண்ணை எண்ணாகச் சொன்னான். அதை யாரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. நீங்களாச்சும் பேசுங்க. ரெண்டு நாளா வாயே திறக்கல. கதை சொல்லாம இருந்தா எனக்கு பயமா இருக்கு."

ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தான். நான் உட்கார்ந்ததும் தலையை நன்றாகத் திருப்பி இடது கண்ணால் பார்த்தான்.

"அக்கா, நான் யோசிச்சுப் பாத்தேன். நான்தான் வால்வை அசந்து ஜாஸ்தியா திறந்துட்டேன் போல. எல்லாரும் சொல்றாங்க. எனக்கே இப்ப நல்லா ஞாபகம் இல்ல."

கை வெந்ததற்கு நான் அழுதேன்தான். கண்ணுக்காகவும் அழுதேன். ஆனால் இந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம். என்மேல், அந்த மேசைமேல், கொசுறு என்ற அந்தச் சொல்லின்மேல். தன் கண்ணால் பார்த்ததை ஒரு மனிதன் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன். அவன் கண்டதற்கு மூன்று புள்ளிகள் சாட்சி. அந்தச் சாட்சியை நான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தள்ளிவிட்டேன்.

24

"உனக்கு ஞாபகம் சரியாத்தான் இருக்கு," என்றேன்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு மடக்கை தெரியாது. ஒரு காகிதத்தில் ஒன்பது எண்களையும் எழுதிக் காட்டினேன். அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் இடது கை விரலை முதல் எண்ணில் வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினான். நான்காவது எண்ணில் விரல் நின்றது.

"பன்னெண்டு."

"ஆமா."

"இதை நீ முன்னாடியே பாத்திருக்க."

"மூணு தடவை."

"நான் அங்க நின்னு சொன்னப்ப நீ அந்த ரூம்லதான் இருந்த."

"ஆமாடா."

அவன் மனைவி உள்ளே போய் ஒரு பாத்திரத்தைப் படாரென்று வைத்தாள். அந்த வீட்டில் அன்று எனக்குக் கிடைத்த நியாயமான பதில் அதுதான்.

"நான் புளுகன்தான்க்கா," என்றான் கடைசியில். "ஆனா நான் சொல்ற புளுகுல எவனுக்கும் கை வெந்ததில்ல."

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"உன்ன மன்னிக்கிறதா வேண்டாமான்னு வியாழக்கிழமைக்கு அப்புறம் யோசிக்கிறேன். அதுவரைக்கும் இங்க வராத. இந்தக் காகிதத்தை வெச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன்.

28

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் எழுந்து நின்று நோட்டை மேசைமேல் வீசுகிறேன், எல்லாரும் வாயடைத்துப் போகிறார்கள். நோட்டு என்னிடம் இல்லை. வக்கீல் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேர்கோடு மனம் மாறி எனக்காகச் சாட்சி சொல்கிறார். இதற்கு நான் ஆசைப்பட்டேன், மறைக்க மாட்டேன். தம்பி வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை, அவர் அறைக்குப் போய்க் கேட்டும் விட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நானும் முப்பது வருஷமா அப்படித்தானேம்மா பண்ணியிருக்கேன். இது தப்புன்னு இப்ப சொன்னா, எத்தனை ரிப்போர்ட்டைத் திறந்து பாக்கணும்?"

"எல்லாத்தையும் சார்."

அவர் கைகள் மேசைமேல் எதையோ தேடின. "என்னால முடியாதும்மா," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அதற்காக என் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொரு முடிவில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், தம்பிக்கு வேறு ஏதோ வேலை கிடைக்கிறது, காலம் எல்லாவற்றையும் —

இல்லை. காலம் எதையும் தானாகச் செய்யாது என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். நான் அளப்பதே அதைத்தான்.

ஆகவே முடிவை எழுதாமல், வேறு ஒன்று செய்கிறேன். வியாழக்கிழமை என் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதையைக் கொடுக்கிறேன். அடித்த வரிகளோடு, பாதியில் விட்ட வாக்கியங்களோடு, கீழே என் கையெழுத்தோடு. கதையைச் சாட்சியாக எடுக்க முடியாது என்று வக்கீல் எழுந்திருப்பார். எழுந்திருக்கட்டும். என் கையெழுத்துப் போட்ட அறிக்கையைச் சாட்சியாக எடுத்தார்கள். அதுவும் நான் எழுதிய கதைதான். அதில் இருந்த பொய் இதில் இல்லை. என் வேலை போகும். போன அறிக்கைகளுக்கும் என்னைக் கேட்பார்கள். கேட்கட்டும், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

32

இதைப் படிக்கிறவர்களில் மூன்று பேர் அந்த நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பீர்கள். இனி உங்களிடம்தான் பேசுகிறேன். மற்றவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

என் சொல்லை நம்பாதீர்கள். நான் ஒருமுறை ஏமாற்றியவள். என் தம்பியையும் நம்ப வேண்டாம், அவன் புளுகன். நோட்டும் வேண்டாம். விபத்தன்று அந்தத் தொட்டிக்கு வந்த கழிவில் ஒரு பீப்பாய் மிச்சம் இருக்கிறது. நீங்களே முத்திரை வைத்திருக்கிறீர்கள். முத்திரையை நீங்களே உடையுங்கள். ஐம்பது மில்லி போதும். நாற்பது டிகிரி வெந்நீர், ஒரு கலக்கி, ஒரு வெப்பமானி, முன்னால் ஒரு தடிமனான கண்ணாடித் தடுப்பு. பெராக்சைடை உங்களில் யாராவது அளந்து ஊற்றுங்கள். கடிகாரத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் தொடமாட்டேன். பின்சுவர் ஓரமாக நிற்கிறேன்.

முப்பத்திரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு நான் எதையும் அளந்ததில்லை. குடுவை ஆறிய பின் நீங்கள் என்ன எழுதுவீர்கள், வக்கீல் என்ன சொல்வார், என் தம்பி என்னை மன்னிப்பானா என்பதற்கெல்லாம் என்னிடம் புள்ளி இல்லை. இல்லாத புள்ளிக்குக் கோடு போட இனி என்னால் ஆகாது. அதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். முதலில் முள் அசையாது. நான்காம் நிமிடம் உங்களுக்குக் கொட்டாவி வரும். எட்டாம் நிமிடம் ஒருவர் தண்ணீர் குடிப்பார், மற்றவர் போனைப் பார்ப்பார், மீட்டரைத் தட்டிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். மேசைக்கு எதிரே கட்டுப் போட்ட கையோடு ஒருவன் உட்கார்ந்து ஒரு கண்ணால் உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை அவனைத் தவிர யாரும் அவன் இடத்தில் நின்று பார்த்ததில்லை.

எழுந்து போய்விடாதீர்கள்.